ஏற்றத்திற்குக் கால்கள், இறக்கத்திற்கு நிதானம்



சித்தூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய இளைய மகனுக்கு வயது இருபத்தெட்டு. பெங்களூரில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டி வருகிறார். வருகிற ஜூன் மாதத்தில் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாக இத்தாலி தேசத்திற்குச் சென்று, ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் ஆறு நாட்கள் சைக்கிள் பிரயாணம் செய்யத் தீர்மானித்திருக்கிறார்கள். அவர் சேர்த்துவைத்த பணத்தில் பெரும்பகுதி இதற்கே செலவாகப்போகிறது.

"இவனுடைய அப்பா பதினெட்டு வருஷம் கிராமத்திலிருந்து சித்தூருக்குச் சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்து எங்களைக் காப்பாற்றினவர். 'நான் வயிற்றுப்பாட்டுக்கு மிதித்ததை இவன் பணம் கொடுத்து மிதிக்கப்போகிறானா?' என்று கேட்கிறார். எனக்குப் பணத்தைவிடப் பயம்தான் பெரிது. அவ்வளவு உயரமான மலையில் ஏறமுடியாமல் மூச்சடைத்து விழுந்துவிடுவானோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை. போகச் சொல்வதா, தடுப்பதா?" என்று அந்தத் தாயார் கேட்டிருக்கிறார்.

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. கிராமத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்த நம் குடும்பங்களில் சைக்கிளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. முதல் சம்பளத்தில் வாங்கியது சைக்கிள். பிள்ளையை முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்திற்குக் கொண்டுபோனதும் சைக்கிள். பிற்பாடு ஸ்கூட்டர் வந்தது. சைக்கிள் மாடிப்படியின் கீழே துருப்பிடித்தது. அதில் போனால் இன்னும் முன்னேறாதவர்கள் என்று அக்கம்பக்கத்தார் நினைப்பார்களோ என்ற கூச்சமும் நமக்கு இருந்தது. அப்படிப்பட்ட சைக்கிளைப் பிள்ளைகள் பெரும் விலை கொடுத்து வாங்கி வரும்போது பெற்றோர் திகைப்பது இயல்பே.

ஆனால் இது பைத்தியக்காரத்தனமன்று. நாசிக் நகரத்து மருத்துவச் சகோதரர்களான ஹிதேந்திர மகாஜன், மகேந்திர மகாஜன் இருவரும் 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை, ராக்கி மலைகளையும் கடந்து, சுமார் 4,800 கிலோமீட்டர் தூரத்தைப் போட்டியாக ஓட்டி முடித்தார்கள். 2017இல் இராணுவ மருத்துவரான ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் அதே தூரத்தைத் தனியாளாகவே ஓட்டி முடித்தார். நம் பக்கத்திலேயே 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்னும் குழுப் பிரயாணம் 2008இல் தொடங்கியது. நம் பிள்ளைகளில் அநேகர் மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டப் பழகியது அதற்குப் பின்பே.

ஆகவே சகோதரியே, "போகலாமா?" என்ற கேள்விக்கு நமது பதில், "ஆயத்தத்தோடு போகலாம்" என்பதே. ஆனால் உங்கள் பயம் ஏற்றத்தின்மேல் இருக்கிறது. அதை இறக்கத்தின்மேல் வையுங்கள். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது அந்த ஒரு காரியத்தைத்தான்.

நம் ஊர் மலைகள் சொல்லும் பாடம்

வெகுதூரம் போகவேண்டாம். திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்லும் இரண்டு மலைச்சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் திறக்கப்பட்ட பழைய சாலை இப்பொழுது இறங்குவதற்கும், 1974இல் அமைந்த இரண்டாம் சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்த அங்கே ஒரு விதி ஏற்படுத்தப்பட்டது. மேலே ஏறும் வாகனம் 28 நிமிடங்களுக்கு முன்பாக வந்து சேரக்கூடாது. கீழே இறங்கும் வாகனத்திற்கோ 40 நிமிடங்கள். ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஆயினும் இறங்குகிறவன் ஏறுகிறவனைவிட மெதுவாகப் போகவேண்டும் என்று விதி சொல்லுகிறது. நாம் சாதாரணமாக நினைப்பதற்கு இது நேர் எதிரானது அல்லவா?

நீலகிரியில் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2018ஆம் ஆண்டில் அங்கே ஒரு கார் பள்ளத்தில் உருண்டு, சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளில் பலர் மாண்டார்கள். அதன்பின் வெளியூர் வாகனங்கள் அவ்வழியாய் இறங்குவதற்குத் தடை விதித்தார்கள், ஏறுவதற்கு விதிக்கவில்லை. 2022 மார்ச் மாதத்தில் திருப்பதி–மதனப்பள்ளிச் சாலையிலுள்ள பாகராபேட்டை மலைப்பாதையில், நிச்சயதார்த்தத்திற்குப் புறப்பட்ட குடும்பத்தாரின் பேருந்து இரவில் பள்ளத்தில் விழுந்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள்.

மலையில் ஏறும்போது களைப்பு நம்மைத் தடுத்து நிறுத்தும். முடியாவிட்டால் காலைத் தரையில் ஊன்றி நின்றுவிடலாம். இறங்கும்போது நம்மைத் தடுப்பதற்கு ஒருவரும் இல்லை. நாமேதான் நம்மைத் தடுத்துக்கொள்ளவேண்டும்.

ஏற்றம்: கணக்கிட்டு ஆயத்தப்படலாம்

உங்கள் மகன் ஏறவிருக்கும் சாலைகளில் ஒன்று ஸ்டெல்வியோ கணவாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1820 முதல் 1825 வரை ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில், கார்லோ தொனேகானி என்னும் பொறியாளர் அமைத்த சாலை. உச்சியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,757 மீட்டர். வடபக்கத்திலிருந்து ஏறினால் 24 கிலோமீட்டர் தூரம், 48 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,800 மீட்டர் ஏற்றம். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏற்றம் சுமார் 700 மீட்டர்தான். அதைப்போல இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்குத் திகிலாயிருக்கும். ஆனால் நன்றாகப் பழகிய ஒரு வாலிபன், குறைந்த கியரில் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், மூன்று மணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம். தகப்பனார் ஓட்டிய சைக்கிளில் கியர் கிடையாது. இக்காலத்து சைக்கிளில் முன்னே சிறிய பற்சக்கரமும் பின்னே பெரிய பற்சக்கரமும் அமைத்து, செங்குத்தான இடத்திலும் கால்கள் இலகுவாகச் சுற்றும்படி செய்யலாம். ஆகவே புஜபலத்தைவிடப் பொறுமையே முக்கியம். முதல் அரைமணி நேரத்தில் மற்றவர்களோடு போட்டியிடுகிறவன் கடைசி ஒரு மணி நேரத்தில் வாடிப்போவான்.

மூச்சைக்குறித்தும் ஒரு வார்த்தை. அவ்வுயரத்தில் காற்றிலிருந்து கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தைவிடக் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைகிறது. களைப்பு சீக்கிரம் வரும். ஆனால் அன்றே இறங்கிப் பள்ளத்தாக்கில் தூங்குகிறவர்களுக்குப் பெரிய ஆபத்து அரிது. லடாக்கின் கதை வேறு. அங்கே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்களில் பிராணவாயு பாதியளவே கிடைக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போகிறவர்கள், ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தை முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வும் எடுக்கவேண்டும். தலைவலியும் வாந்தியும் நடைத்தள்ளாட்டமும் வந்தால், முதல் சிகிச்சை கீழே இறங்குவதே. மணாலி–லே சாலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

ஏற்றத்திலும் உயிர் போயிருக்கிறது. 1967 ஜூலை 13ஆம் தேதி பிரான்சு தேசத்தின் மோன் வான்தூ மலையில், கொளுத்தும் வெயிலில் ஆங்கில வீரர் டாம் சிம்ப்சன் சரிந்து மாண்டார். அவர் சரீரத்தில் ஊக்கமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. சரீரம் 'போதும்' என்று சொல்லும்போது அதன் வாயை மருந்தினால் அடைத்தால் என்ன நேரிடும் என்பதற்கு அது சாட்சி. ஆகவே புறப்படுமுன் இருதயப் பரிசோதனை செய்வதும், சரீரம் எச்சரிக்கும்போது நிற்பதும் அவசியம்.

இறக்கம்: இங்கேதான் நிதானம் தேவை

மூன்று மணி நேரம் பிரயாசப்பட்டு ஏறிய உயரத்தை முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். 1,800 மீட்டர் ஏறும்போது அந்த எடை தனக்குள் சேர்த்துக்கொண்ட சக்தி, சுமார் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இறங்கும்போது அந்தச் சக்தி எங்கேயாவது போயாகவேண்டும். கொஞ்சம் எதிர்க்காற்றில் போகும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறும். இடைவிடாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடிக்கலாம். தட்டு பிரேக்காயிருந்தால் பிடிப்பு குறையலாம். பிடிக்காமலே விட்டாலோ வேகம் எளிதில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்குள் சைக்கிள் பதினாறு மீட்டருக்குமேல் ஓடிவிடும்.

உலகத்தின் தலைசிறந்த வீரர்களும் இறக்கத்தில்தான் விழுந்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்தெல்லி, 1995ஆம் ஆண்டு 'டூர் டி ஃபிரான்ஸ்' போட்டியில் பிரனீஸ் மலை இறக்கம் ஒன்றில் விழுந்து மாண்டார். 2023 ஜூன் மாதத்தில், சுவிட்சர்லாந்தின் அல்புலா கணவாயிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் விழுந்த கினோ மேடர் மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 26. இவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்லர். அப்படியிருக்க, சனிக்கிழமை ஓட்டக்காரர்களாகிய நம் பிள்ளைகள் எவ்வளவு நிதானமாயிருக்கவேண்டும்!

இறங்கும் முறையை இங்கே சுருக்கமாகச் சொல்லுகிறோம். மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைக்கவேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும்.

2. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, அழுத்திப் பின் விட்டு, மறுபடியும் அழுத்தவேண்டும். பிடித்தபடியே வரக்கூடாது. நீண்ட இறக்கத்தில் இரண்டொரு முறை நின்று சூடு தணியவிடுவது வெட்கமன்று.

3. வளைவில் வெளிப்பக்கத்துக் கால் கீழே இருக்கவேண்டும். கண் பள்ளத்தைப் பார்க்கக்கூடாது. போகவேண்டிய வழியைப் பார்க்கவேண்டும்.

4. இத்தாலியில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கத்தில் செல்லும். நம் பிள்ளைகள் இடப்பக்கத்தில் பழகினவர்கள். களைத்திருக்கும்போது பழக்கம் தலைதூக்கும். ஒரு வளைவில் தன்னையறியாமல் இடப்பக்கம் சாய்ந்தால், எதிரே வரும் வாகனத்தின் முன்பாகவே போய் நிற்பான். ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் 'வலப்பக்கம்' என்று ஒருவருக்கொருவர் சத்தமாய்ச் சொல்லிக்கொள்வது நல்லது.

5. நம் நாட்டில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன்சக்கரத்து பிரேக். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடக்கைப் பிடியே முன்சக்கரத்திற்குரியது. அங்கே வாடகை சைக்கிள் எடுத்தால் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை அழுத்தி, தலைகீழாய் விழ நேரிடும். முதல் நாளே இதைச் சோதித்து, தேவையானால் மாற்றித்தரும்படி கேட்கவேண்டும்.

6. ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கக்கூடாது. ஜூன் மாதத்திலும் அந்த உச்சியில் பனி பெய்யக்கூடும். குளிரில் விரல்கள் மரத்தால் பிரேக்கை அழுத்தவே முடியாது. கையுறையும் காற்றுத் தடுக்கும் மேற்சட்டையும் பையில் இருக்கட்டும். பழைய காலத்துப் போட்டி வீரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மேல் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். அந்த எளிய உபாயம் இன்றும் உதவும்.

7. தலைக்கவசம் கட்டாயம். தொழில்முறைப் போட்டிகளிலேயே அது 2003ஆம் ஆண்டில்தான் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஆந்திரேய் கிவிலெவ் என்னும் கசகஸ்தான் வீரர் தலையில் அடிபட்டு மாண்டபின்பே அவ்விதி வந்தது. ஒரு விலையேறப்பெற்ற உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் இலவசமாய்ப் பெற்றிருக்கிறோம்.

குழு என்பது கூட்டமன்று

பன்னிரண்டு பேர் ஒன்றாகப் போகிறார்கள் என்பதால் பாதுகாப்பு தானாய் வந்துவிடாது. சமவெளியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிச் செல்வது நல்லது; முன்னே செல்கிறவர் காற்றைக் கிழிப்பதால் பின்னே வருகிறவரின் பிரயாசம் கணிசமாய்க் குறையும். இறக்கத்திலோ அதே நெருக்கம் கண்ணி. ஒருவர் விழுந்தால் நால்வர் விழுவார்கள். ஆகவே நல்ல குழுக்களில் ஓர் ஒழுங்கு உண்டு. ஏற்றத்தில் அவரவர் தங்கள் பலத்திற்கேற்ப ஏறுவார்கள். உச்சியில் கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பார்கள். இறக்கத்தில் நல்ல இடைவெளி விட்டு இறங்குவார்கள். ஒருவரை ஒருவர் முந்துவதில்லை. எல்லாருக்கும் பின்னே அனுபவசாலி ஒருவர் வருவார். அவர் கீழே வந்து சேர்ந்தபின்பே தலைகளை எண்ணிப் புறப்படுவார்கள்.

வாலிபர் கூட்டத்தில் இறக்கத்தில் பயப்படுகிறவனை மற்றவர்கள் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிக்கு அஞ்சித் தன் திறமைக்கு மிஞ்சிய வேகத்தில் போகிறவனே முதலில் விழுகிறவன். "உங்கள் குழுவில் மெதுவாய் இறங்குகிறவனை எப்படி நடத்துகிறார்கள்?" என்று மகனிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து அந்தக் குழுவை நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.

தகப்பனாருக்கு ஒரு வார்த்தை

உங்கள் கணவரைப்பற்றி எழுதும்போது, "இறக்கத்தில் அவர் ஒருநாளும் ஏறி உட்கார்ந்து வந்ததில்லை; கேன் நிறைய பால் இருக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டே வருவார்" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் சாதாரணமாய் எழுதிய அந்த வரிதான் இந்தக் கடிதத்திலேயே விலையுயர்ந்தது. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் தன் சொற்படி கேட்காது என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாய்ச் சரீரத்தால் அறிந்தவர் அவர். பெங்களூரில் எந்தப் பயிற்சியாளரும் அதைவிட நன்றாய்ச் சொல்லிக்கொடுக்கமாட்டார்.

அவர் மகனோடு பணத்தைக்குறித்து வாக்குவாதம் செய்வதைவிட, ஒருநாள் கூடச் செல்லட்டும். மதனப்பள்ளிக்கு அருகே சுமார் 1,260 மீட்டர் உயரமுள்ள ஹார்சிலி மலை இருக்கிறது. விடியற்காலையில் வாகனங்கள் குறைவாயிருக்கும் நேரத்தில் மகன் ஏறி இறங்கட்டும். தகப்பனார் காரில் பின்னே வந்து இறங்கும் விதத்தைக் கவனிக்கட்டும். சித்தூர்–பலமனேர் சாலையிலும் ஏற்றம் உண்டு. ஆனால் லாரிகள் நிறைந்த அச்சாலையை இதற்குத் தெரிந்துகொள்ளவேண்டாம். அங்குள்ள மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பரில் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் மாண்டார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு மிதித்ததைப் பிள்ளை விருப்பத்திற்காக மிதிக்கிறான் என்றால், அது தகப்பனாரின் பிரயாசத்தை அவமதிப்பதன்று. அவர் பட்ட பாட்டினால் அந்தப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட ஒரு தெரிவு கிடைத்திருக்கிறது. இதை மகன் தன் வாயால் தகப்பனாரிடம் சொன்னால் வீட்டிலுள்ள மனவருத்தத்தில் பாதி தீர்ந்துவிடும்.

புறப்படுமுன் கேட்கவேண்டியவை

இறுதியாக, அனுமதி கொடுக்குமுன் மகனிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பணம் சேமிப்பா, கடனா? கடனானால் ஓர் ஆண்டு தள்ளிவைப்பது நலம். மலை எங்கும் போய்விடாது. பிரயாணக் காப்பீடு எடுத்தாயா? விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பது மெய்தான். ஆனால் மலையில் சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்தும், ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று தனியே வாசித்துப் பார்க்கவேண்டும். அவசர உதவிக்கு அங்கே 112 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியுமா? ஆறு நாட்களில் மழையோ பனியோ வந்தால் பிரயாணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? வண்டியில் ஏறிக்கொள்ள விரும்புகிறவனுக்குப் பின்னால் வண்டி வருமா? கடைசியாக, இதுவரை எத்தனை மலைகளில் இறங்கிப் பழகியிருக்கிறாய்? 'எத்தனை மலைகளில் ஏறினாய்' என்று கேட்கவேண்டாம். அதை அவரே சொல்லுவார்.

இவற்றிற்கு நிதானமான பதில் கிடைத்தால், சகோதரியே, மனதார அனுப்பிவையுங்கள். கிடைக்காவிட்டால் தடுக்கத் தயங்கவேண்டாம். மகன் உச்சியில் நின்று புகைப்படம் அனுப்புவார். அதைக் கண்டு மகிழுங்கள். ஆனால் அத்தோடு அன்றைய பிரயாணம் முடிந்துவிடவில்லை. 'கீழே வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு பேரும் இருக்கிறோம்' என்று தினமும் ஒரு செய்தி அனுப்பவேண்டும் என்று இப்பொழுதே அவரிடம் சொல்லிவையுங்கள்.